விளக்கு வைத்த பிறகு

1. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார்.
2. விரதம் என்பதால் ஒன்றும் சாப்பிடவில்லை.
3. ஏழரைக்கு நான் வேலைக்குப் புறப்பட்டேன்.
4. மழைக்கோட்டை மறந்துவிட்டதால் சந்தியில் ஸ்கூட்டியைத் திருப்பினேன்.
5. கிணற்றடியில் அம்மா செவ்வரத்தம் பூமரக் கொப்பைப் பிடித்தபடி நின்றார். முழுகிய ஈரம் என்று நினைத்தேன். தொட்டுப் பார்த்தால் வியர்வை.
6. இருத்திவைத்து விரலில் குத்தினேன். சீனி பார்க்கும் மீற்றர் 43 காட்டியது. எழுபதுக்குக் கீழே இறங்கக்கூடாது.
7. சாமியறைக்கு ஓடி நான்கு குளுக்கோஸ் குளிசைகளை எடுத்துவந்து நீட்டினேன். அம்மா வாயில் வைக்கவில்லை. “விளக்கு வைச்சாச்சோ?” என்று கேட்டார்.
8. “ஓம் அம்மா, வைச்சாச்சு” என்றேன். வைக்கவில்லை.

குளிசைகள் சாமியறையில் இருந்ததற்கு நான்தான் காரணம். கனடாவிலிருந்து சித்தி ஆட்களிடம் கொடுத்துவிடும் தோடம்பழச் சுவைக் குளிசைகள் அவை. சீனி இறங்கினால் நான்கைச் சப்ப வேண்டும், பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். விரத நாளில் வாயில் வைக்கமாட்டேன் என்று அம்மா மறுத்தார். படைத்துவிட்டுச் சாப்பிட்டால் அது பிரசாதம்தானே என்று நான் சொன்னேன். யோசித்துவிட்டு, அது சரிதான் என்றார். முருகனுக்கும் சீனி வருத்தம் வரப்போகுது என்று பகிடியும் விட்டார். எனக்கு அன்று பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு.

நான் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எது எதற்குப் பிறகு என்று எழுதிவைத்துச் செய்வதுதான் என் தொழில். ஆனால் இந்த வரிசையை நான் எழுதிப் பார்க்கவில்லை: குளிசைக்கு முன் படையல், படையலுக்கு முன் விளக்கு, விளக்குக்கு முன் பூ, பூவுக்கு முன் முழுக்கு. ஊசி மருந்து இவை எதற்கும் காத்திருப்பதில்லை.

விரதம் வேண்டாம் என்றார் கிளினிக் டொக்டர். பிடிப்பதென்றால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும், ஊசியின் அளவை மாற்றித் தருவேன் என்றார். அம்மா இரண்டுக்கும் ஓம் சொன்னார். இரண்டையும் செய்யவில்லை. சீனி இறங்கும்போது வரும் நடுக்கம், படபடப்பு எல்லாம் இனி அவருக்கு முன்கூட்டித் தெரியாது என்றும் டொக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை, நான்கையும் சப்பிய பதினைந்து நிமிடத்தில் 81 ஆனது. அம்மா எழுந்து, பூவை ஆய்ந்துகொண்டு சாமியறைக்குப் போனார். திரி காய்ந்தபடியே கிடந்ததைப் பார்த்திருப்பார். வெளியே வந்து என் எதிரில் இருந்தார். கோபம் இல்லை.

“சாமியைச் சாட்டிப் பொய் சொல்லிப்போட்டாய், பிள்ளை.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமைகள் எனக்காகத்தான். என் சாதகத்தில் செவ்வாய்க் குற்றம். பொருத்தம் பார்க்கப் போன மூன்றும் திரும்பி வந்துவிட்டன. எனக்குக் கலியாணமாகும்வரை விரதம் என்பது அம்மாவின் நேர்த்திக்கடன்.

“அப்ப நான் ஆரையெண்டாலும் கட்டுறன். நீங்கள் விரதத்தை விடுங்கோ.”

“ஆரையெண்டாலும் கட்டவோ நான் மூண்டு வருசமாய்ப் பட்டினி கிடக்கிறன்?” என்றார். சிரிப்பு வந்தது இரண்டு பேருக்கும். பிறகு அவர் கற்பூரத்தைத் தேடி எழுந்து போனார், நான் வேலைக்குப் பிந்திவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னேன்.

இப்போது குளிசைகளை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். சாமியறையில் ஒரு குழாய், என் கைப்பையில் ஒன்று, கிணற்றடி மாடத்தில் ஜாம் போத்தலுக்குள் ஒன்று. கிணற்றடிப் போத்தலை அம்மா இதுவரை திறக்கவில்லை. புதிதாகச் சாதகம் எதுவும் வரவில்லை. விளக்கு வைத்தாயிற்று என்று இனி நான் சொன்னால் அவர் எழுந்துபோய்ப் பார்ப்பார், அல்லது பார்க்க எழும்ப முடியாமல் இருப்பார். நாளை வெள்ளிக்கிழமை. ஏழரைக்கு நான் வேலைக்குப் போக வேண்டும்.