கருத்துப் போன கண்ணாடி மெருகு

நாணயம் சேர்க்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "வெள்ளைக்காரன் காலத்துக் காசு இருக்கா?" என்பதுதான். இல்லை. ராஜா தலையும் இல்லை, ஓட்டைக் காலணாவும் இல்லை. நான் சேர்ப்பது நம் காலத்து நாணயங்கள். கடையில் புழங்காதவை, சேகரிப்பவர்களுக்கென்றே தனி மெருகோடு அடித்து, பெட்டியில் வைத்து விற்பவை. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் தொங்கிப் போகும். என் மைத்துனர் ஒருமுறை ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதக் குடுத்தா கண்டக்டரு கம்பத்துக்கு டிக்கெட் கிழிப்பானா மாப்ள?" என்று கேட்டார். அவர் விரல் பட்ட தடம் அந்த நாணயத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

மெருகு என்றால் என்னவென்று யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. நாணயத்தின் தரை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடியாக இருக்கும். அதில் எழும்பி நிற்கும் உருவம் மட்டும், திராட்சைப் பழத்தின் மேல் படிந்திருக்கும் மாவு போல, பளபளப்பே இல்லாமல் வெளுப்பாக நிற்கும். இதை 'ப்ரூஃப்' என்பார்கள். முழுக்க மங்கலாக அடித்தவையும் உண்டு, பழசு போலத் தோன்ற வேண்டுமென்றே கருக்கவைத்தவையும் உண்டு. எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு என்னிடம் இருக்கின்றன. ஆனால் எனக்கு உயிர் என்றால் வெள்ளியில் அடித்த அந்த ஒரு கண்ணாடி மெருகு நாணயம்தான்.

அதை வாங்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் தடவை இணையத்தில் பதியும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. இரண்டாம் தடவை பக்கம் திறப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. மூன்றாம் தடவை பதிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, தபால்காரரைப் பார்க்கிற போதெல்லாம் நச்சரித்து, ஒருவழியாக வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் நாணயம், அதைச் சுற்றி வெல்வெட், அதற்கு மேல் மரப்பெட்டி. பீரோவில் நடுத்தட்டில் வைத்தேன். மாதம் ஒருமுறை பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்துப் பார்ப்பேன். "எனக்குக் காய்ச்சல்னா இம்புட்டுப் பக்குவமாப் பாப்பீகளா?" என்று என் மனைவி சிரிப்பாள். அவள் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை. தொடாதே என்று நான் அத்தனை தடவை சொல்லியிருந்தேன்.

ஆடி பிறந்த வாரம் அவள் வீட்டு வெள்ளியையெல்லாம் எடுத்து விபூதி போட்டுத் துலக்கினாள். விளக்கு, குங்குமச் சிமிழ், கொலுசு எல்லாம் பளிச்சென்று ஆயின. நான்கு நாள் கழித்து நான் மரப்பெட்டியைத் திறந்தேன். கண்ணாடி இருந்த இடத்தில் டீக்கறை பட்டது போல மஞ்சள். ஓரமெல்லாம் கருநீலம். உருவத்தின் மேல் இருந்த வெளுப்பு அழுக்குத் துணி நிறத்துக்குப் போயிருந்தது.

சின்னமனூரிலிருந்து அவள் தங்கை வந்து உட்கார்ந்திருந்த நேரம் அது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பெட்டியைக் கொண்டுபோய் மனைவி முன்னால் நீட்டினேன்.

"எதக் கண்டாலும் தேய்க்கிற புத்தி எப்பத்தான் போகும் உனக்கு?"

"நான் தொடல," என்றாள்.

"அப்ப இதுவா எந்திரிச்சுப் போயி விபூதியில உருண்டுச்சா?"

"நான் தொடலங்க." இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. தங்கை எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் நிறுத்தவில்லை. இந்த வீட்டில் என் பொருள் என்று ஒன்றுகூட இருக்கக்கூடாதா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். அதையெல்லாம் எழுத எனக்கே கூசுகிறது.

மறுநாள் அவள் தன் சேலைகளையும் கொலுசையும் பழைய டிரங்குப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, பீரோ சாவியை என் கையில் கொடுத்தாள். "இனி அதுல என் சாமான் ஒண்ணுமில்ல. நீங்களே பூட்டிக்கங்க," என்றாள். அதற்குப் பிறகு மூன்று வாரம் சோறு போட்டாள், துணி துவைத்தாள், தோட்டத்துக்கும் வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். செய்த தப்பை ஒத்துக்கொள்ளாமல் முகத்தையும் தூக்கி வைத்திருக்கிறாளே என்று எனக்கு அதற்கும் சேர்த்துக் கோபம்.

கடைசியில், பழைய கறையை எடுக்கத் தெரிந்தவர் என்று யாரோ சொன்னதை நம்பி, மதுரையில் ஒரு நாணய வியாபாரியைத் தேடிப் போனேன். சின்னக் கடை. அவர் என்னைவிட இளையவர். நான் நடந்ததைச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தேய்ச்சதுன்னா சொல்றீக? ஒரு கீறல்கூட இல்லயேண்ணே. விபூதி பட்டிருந்தா இந்தக் கண்ணாடி பூரா கோடு கோடா இருக்குமே. நீங்க லென்ஸு வச்சுப் பாக்கலயா?"

என் லென்ஸ் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் மெருகைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன் நான். அன்றைக்கு அதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"உங்களுக்கு என்ன தொழிலு?" என்றார்.

"திராட்சத் தோட்டம். சுருளிப்பட்டிப் பக்கம்."

"அப்ப வீட்டுல சல்பர் கிடக்கா?"

கிடந்தது. கொடியில் சாம்பல் நோய் வந்தால் அடிக்கிற கந்தகத் தூள் இரண்டு மூட்டை, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். கொண்டுபோய் வைத்தவன் நான். தோட்டத்து மோட்டார் ரூம் ஒழுகுகிறது, ஈரம் பட்டால் தூள் கட்டிதட்டிப் போகும் என்று ஆனிச் சாரலில் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். எங்கள் பக்கம் திராட்சைக்காரன் வீட்டில் மனிதனுக்கு இடம் இருக்கிறதோ இல்லையோ, மருந்துக்கு இடம் உண்டு. அந்த நெடி எங்கள் சட்டையிலேயே இருப்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

"கந்தகத்துக்குப் பக்கத்துல வெள்ளி நிக்காதுண்ணே. கூடு மூடியிருந்தாலும் அதோட காத்து உள்ள போயிரும். இந்தக் கறைய எடுக்கலாம். ஆனா எடுத்தா அந்த மெருகு இருக்காது. அப்படியே விட்டுருங்க," என்று பெட்டியை மூடி என்னிடம் தந்தார்.

தேனி தாண்டும் வரை பஸ்ஸில் எல்லார் மேலும் கோபப்பட்டேன். ஒழுகுகிற கூரையைப் போட்ட கொத்தனார், மூட்டையை மழையில் நனையவிடாதே என்று சொன்ன பூச்சிமருந்துக் கடைக்காரர், காற்றுப் புகாத ஒரு கூடு செய்யத் தெரியாதவர்கள். உத்தமபாளையம் வந்தபோது திட்டுவதற்கு ஆள் தீர்ந்துவிட்டார்கள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு சின்னப் பொய் சொல்லியும் எனக்கு நினைவில்லை. எப்படிச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அவள் திராட்சைக் குலைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு, அழுகிய பழங்களைக் கத்தரியால் நறுக்கிக் கழித்துக்கொண்டிருந்தாள். நான் உடுப்பைக்கூட மாற்றவில்லை. நேரே போய் இரண்டு மூட்டையையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். சேர்த்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"கந்தகத்தாலதான் கருத்துச்சாம். மதுரையில நாணயக் கடைக்காரரு சொன்னாரு. நீ தொடல," என்றேன்.

"நான் தொடலன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கத்தரி நிற்கவில்லை.

"தப்பாப் பேசிட்டேன்."

இன்னொரு குலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அவுக சொன்னதும் நம்பிட்டீக. அவுகள உங்களுக்கு எத்தன வருசமாத் தெரியும்?"

அவரை நான் பார்த்ததே இன்றைக்குத்தான்.