பொறுக்கி எடுத்த வால்நட்

டிசம்பர் விடுமுறை விருந்துக்காக, சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில் உள்ள என் வீட்டில் ஒரு பெரிய மரப்பலகையில் சீஸ் துண்டுகளையும் திராட்சை, அத்திப்பழங்களையும் அடுக்கி, மேலே வால்நட் பருப்புகளைத் தூவியிருந்தேன்.

"அப்பா, என் ஃபிரண்ட் ஃபரீதாவுக்கு நட்ஸ் ஆகாதுப்பா. அவளுக்கு வேற தட்டு வைங்க," என்றாள் மகள்.

அடுக்கிய அழகைக் கலைக்க மனமில்லை. பாயசத்தில் முந்திரியை ஒதுக்குவதுபோல் வால்நட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அதே பலகையை நீட்டினேன்.

"நட்ஸ் இல்லைதானே, அங்கிள்?" என்றாள் ஃபரீதா.

"இல்லம்மா, தைரியமா சாப்பிடு."

இரண்டாவது துண்டிலேயே உதடு வீங்கி, அவளுக்கு மூச்சுத் திணறியது. நான்தான் ஆம்புலன்ஸை அழைத்தேன்.

மருத்துவமனையில் கண் விழித்தவள், "நீங்க டக்குனு கூப்பிட்டதாலதான் பொழச்சேன், அங்கிள்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இன்றும் நான் கொடுப்பதை அவள் நம்பிச் சாப்பிடுகிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.