சிவப்புச் சட்டைச் சிப்பாய்

தேயிலை விலை விழுந்து, நான் வேலை பார்த்த ஃபாக்டரியை மூடிவிட்ட நேரம். குன்னூரில் ஒரு பெரியவர் பழங்காலப் போர்களை மேஜைமேல் விளையாட்டாக நடத்துவார். அவருடைய விரலளவு ஈயச் சிப்பாய் பொம்மைகளுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். சட்டைப் பொத்தான் வரைய பிரஷ் முனை ஊசிபோல் வேண்டும். நாக்கில் வைத்துத்தான் கூராக்குவேன்.

அன்று குழாயடியிலிருந்து திரும்பினால், மூன்று வயது மகளின் வாயெல்லாம் சிவப்பு. ஒரு சிப்பாயைக் காணோம். விழுங்கிவிட்டாளோ? அவளைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

நர்ஸ் அவளுடைய மூடிய கையைப் பிரித்தார். சிப்பாய் உள்ளே பத்திரமாக இருந்தான். மறு கையில் பிரஷ். அப்போதும் அதை நாக்கில் வைத்து உருட்டினாள்.

“ஏனுங்க, பெயிண்டை நக்கறதுக்கு இந்தப் புள்ளைக்கு ஆருங்க பழக்குனது?”

பதில் சொல்ல வாயைத் திறக்கவே பயந்தேன். என் நாக்கும் சிவப்பாகத்தான் இருந்தது.