நீலக் கோஸும் நனையாத கையும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டைகோஸ் என் பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

நம்பவில்லையா? கேளுங்கள்.

ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, பஜ்ஜி சொஜ்ஜியும் முடிந்துவிட்டது. பிள்ளையின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. "முடிவானாத்தான் உங்காத்துல கை நனைப்போம்" என்று கோபாலபுரத்துக்குக் கிளம்பிப் போனவர், திடீரென்று போன் செய்தார்... ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்களாம்! சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

காய் வாங்கப் பாண்டி பஜார் போனேன். சாதாரண கோஸ் வாங்கியிருக்கலாம். ஆனால் நான்தான் ஆரோக்கியக் குறிப்பு படிக்கிற ஆளாயிற்றே! பச்சை கோஸில் வைட்டமின் சி, நார்ச்சத்து. சுருங்கிய இலை சவாய் கோஸ், மலச்சிக்கலுக்கு எதிரி. சைனா கோஸ் சுலபமாக ஜீரணமாகும். சிவப்பு கோஸில் வைட்டமின் இன்னும் கூடுதல்; அந்த ஊதா நிறமே ரத்தக் குழாய்க்கு நல்லதாம்.

கடைக்காரர் வேறு சிவப்பு கோஸைக் காட்டி, "இன்னா சார் யோசிக்கிறே? பெரிய ஓட்டல்காரங்கோ எல்லாம் இத்தான் வாங்கிகினு போறாங்கோ" என்றார்.

நானும் வாங்கிகினு வந்துவிட்டேன்.

"என்னன்னா இது, பீட்ரூட்டுக்குப் பொறந்த மாதிரி?" என்றாள் மனைவி.

"உடம்புக்கு நல்லது. பண்ணு."

பண்ணினாள். பச்சை கோஸ் நிறம் மாறாமல் சீக்கிரம் வேக ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவது அவள் வழக்கம். இதற்கும் போட்டாள்.

நீலமாகிவிட்டது. துணிக்குப் போடுவோமே — அந்த நீலம்! வேறு கறி பண்ணலாமென்றால் வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. இலையில் கறி இல்லாமல் சம்பந்திக்குச் சாப்பாடா? வேறு வழியில்லாமல் அதையே பரிமாறினாள்.

பிள்ளையின் அம்மா இலையைப் பார்த்தார். சாதத்துக்கு நீண்ட கை பாதியில் நின்றது.

"இது என்ன கறி, மாமி?"

"கோஸ்..."

"கோஸா? நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல நீலமா ஒரு கறியா?"

கையை மடியில் வைத்துக்கொண்டார். வைட்டமினுக்கு ஆசைப்பட்டு வரனை விட்டேனா?

என் பெண் ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர். அதுவரை சமையலறைக் கதவருகில் நின்றவள், அரை எலுமிச்சம்பழத்தோடு நேராகப் பிள்ளையின் இலைக்கு வந்தாள்.

"பயப்படாதீங்கோ. எல்லாம் சோடா பண்ணின வேலை" என்று பிழிந்தாள். நீலம் மெல்ல ஊதாவாகி, பளிச்சென்று ரோஸ் நிறமாயிற்று.

பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அப்படியே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"டேய், இருடா!" என்று பதறினார் அம்மா.

"கை நனைச்சாச்சேம்மா!"

அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். என் பெண்ணைப் பார்த்தார். அப்புறம் தன் இலையைக் காட்டி, "எனக்கும் பிழிம்மா" என்றார்.

சோடா போட்டால் கோஸிலிருக்கும் வைட்டமின் சி போய்விடும் என்று பிற்பாடு என் பெண் சொன்னாள். போனால் போகட்டும் — மாப்பிள்ளை வந்துவிட்டாரே!