கோர்ட்டில் சொன்ன பெயர்

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். ஆமாம், நானேதான்! நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பேத்திக்கே சிரிப்பு தாங்கவில்லை.

டிராமில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது... அது கிடக்கட்டும், கேஸைச் சொல்கிறேன்.

தாராவியில் நாங்கள் இருக்கும் கோலி — ஒற்றை அறைதான் — என் வீட்டுக்காரர் பெயரில் வாடகைக்கு எடுத்தது. அவர் கப்பலில் சமையல் வேலைக்குப் போனவர். உலகச் சண்டை முடிந்து எத்தனையோ கப்பல்கள் திரும்பிவிட்டன. அவர் மட்டும் இன்னும்... சரி. "வாடகைக்கு எடுத்தவன் இல்லை. இவள் யாரோ, காலி செய்யட்டும்" என்று கோலிக்குச் சொந்தக்கார சேட்டு கேஸ் போட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கதீஜா பயந்துவிட்டாள்.

"மைனி, சேட்டுகிட்ட துட்டு இருக்கு, வக்கீலு இருக்காவ. நம்மகிட்ட என்ன இருக்கு? பேசாம எங்கூட வந்துருங்க."

"கப்பல்ல இருந்து அவுக வந்து கதவத் தட்டினா யாருட்டி திறப்பா? சேட்டு பொண்டாட்டியா?"

கூண்டில் ஏறினேன். புருஷன் பெயர் என்ன என்றார்கள். கட்டிய நாளிலிருந்து அதை நான் சொன்னதே இல்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். கடலில் இருப்பவருக்கு அதையுமா செய்வேன்?

"முருகன் கையில இருக்குமே, அது" என்றேன்.

சேட்டு வக்கீல் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பேசியதைத் தமிழில் சொல்ல மாட்டுங்காப் பக்கத்துத் தமிழர் ஒருவர் நின்றிருந்தார். பாவம், அவருக்கே கூச்சம்.

"புருஷன் பேரே தெரியாதவ எப்படிப் பொண்டாட்டின்னு கேக்கறார். சொல்லிடும்மா... இல்லேன்னா ரூம் போயிடும்."

தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேலாயுதம்!"

கத்தியே விட்டேன். உத்தரத்துப் புறாக்கள் படபடவென்று பறந்தன. அடடா, எவ்வளவு நல்ல பெயர்! இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேனே!

ஜட்ஜ் கேஸை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைத்தார். அதுவரை நான் கோலியில் இருக்கலாம். கடைசியில் பணம்தான் ஜெயிக்குமா? ஜெயித்தாலும் ஜெயிக்கும். அதற்காக நானே சாவியைக் கொண்டுபோய் நீட்ட வேண்டுமா?

இப்போதெல்லாம் விளக்கு வைத்ததும் வாசலில் நின்று அந்தப் பெயரை ஒரு தடவை சொல்கிறேன்.

பேரைச் சொன்னதற்குத் திட்டவாவது வரட்டுமே!