பென்சில் தேய்க்காமல் போட்ட கையெழுத்து

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தப் பதிவை ஆவணத்தோடு ஒப்பிடுவதுதான் என் வேலை.

பெங்களூரு டீலர் ஒருவரிடம் பழைய கார் ஒன்று மலிவாக வந்தது. "பழைய லோன் முடிஞ்சிருச்சு சார், என்ஓசி இருக்கு" என்று, கடன் பாக்கியில்லை என்னும் அந்தச் சான்றிதழைப் படமெடுத்துப் போனில் அனுப்பினார். அதை நம்பி, இங்கே ஒரு கடன் அலுவலகத்தில் காருக்கான கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு நாளில் பணம் அவருக்குப் போய்விடும்.

என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள்: "தெனமும் எத்தினி வண்டிக்குப் பென்சில் தேய்க்கிற. நம்ம வண்டிக்குத் தேய்ச்சியா?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் லீவு போட்டு, பெங்களூரு பஸ் ஏறினேன். காரில் தேய்த்தெடுத்த எண்ணும் என்ஓசியில் இருந்த எண்ணும் வேறு வேறு. அங்கிருந்தே கடன் அலுவலகத்துக்குப் போன் செய்து, காரில் இருந்த எண்ணைச் சொன்னேன். "இந்த வண்டி மேல பழைய லோன் இன்னும் நிக்குது சார்" என்றார்கள். பணத்தை நிறுத்தச் சொன்னேன். இல்லாவிட்டால் பழைய லோன் கொடுத்தவர்கள் வண்டியைத் தூக்கிப் போயிருப்பார்கள். தவணையை நான் கட்டிக்கொண்டிருப்பேன்.

கம்பெனி வண்டியில் ஓர் எழுத்து மாறினாலும் விடாதவன், என் வண்டிக்கு ஒரு போட்டோவை நம்பினேன்.

இப்போது எங்கள் ஷிஃப்டில் யார் பழைய வண்டி பார்க்கக் கிளம்பினாலும், என் சட்டைப் பையிலிருக்கும் பென்சிலைக் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.