விழுந்ததும் செத்ததும்

கொசு ஒழிப்பு அலுவலகத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. தெருவுக்கே அவள் கொசு அக்கா. “ஊரே கொசுவை அடிக்குது, எங்க அக்கா மட்டும் சர்க்கரைத் தண்ணி குடுத்து வளர்க்குது” என்று தம்பி கிண்டல் செய்வான். அவளும் சிரித்துவைப்பாள்.

வேலை இதுதான். தெருக்களில் பிடித்துவந்த புழுக்களைத் தட்டில் வளர்த்து, கொசுவானதும் நூறை எண்ணி, மருந்து தடவிய காகிதம் சுருட்டிய குழாய்களில் ஒரு மணி நேரம் அடைக்க வேண்டும். பிறகு சுத்தமான குழாய்களுக்கு மாற்றி, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து எண்ண வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள். ‘விழுந்தது’ அன்றைக்கு, ‘செத்தது’ மறுநாளைக்கு.

ஒரு சனிக்கிழமை நூறும் மல்லாந்து விழுந்தன. விழுந்த கொசு எழுந்ததை அவள் ஒருநாளும் கண்டதில்லை. மறுநாள் விடுமுறை வேறு. இரண்டு கட்டத்திலும் நூறு என்று எழுதி, குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினாள். கையெழுத்து மட்டும் முத்துமுத்தாக இருந்தது, போங்கள்.

அந்தத் தாளை நம்பி மழைக்காலம் முழுக்க அதே மருந்தைப் புகையாக அடித்தார்கள். அக்கா பார்த்த மருந்தாயிற்றே என்று தம்பி புகை உள்ளே வர ஜன்னல்களை அகலத் திறந்து வைத்தான். அவனுடைய ஏழு வயது மகளுக்கு டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில் கைகால் சில்லிட்டது. ஆறாம் நாள் பாப்பா இல்லை.

ஊரில் காய்ச்சல் அடங்காததால் மருந்தை மறுபடி சோதிக்கச் சொன்னார்கள். இம்முறை அவள் இடத்தைவிட்டு அசையவில்லை. நூறும் விழுந்தன. மாலைக்குள் ஒன்று கால்களை உதறிப் புரண்டது. மறுநாள் அறுபத்திரண்டு எழுந்து சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சில் உட்கார்ந்திருந்தன.

சில கொசுக்களை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் அதிகாரியம்மா கூப்பிட்டுச் சொன்னார்: “நரம்புல வாசல் மாதிரி ஒண்ணு இருக்கும்மா. மருந்து அதை மூடவிடாமப் பிடிச்சுக்கும், கொசு இழுத்துக்கிட்டுச் சாகும். இதுல மரபணு எழுத்து ஒண்ணே ஒண்ணு மாறியிருக்கு. மருந்துக்குப் பிடியே கிடைக்கல. எப்பலேருந்துன்னுதான் புரியல. பழைய தாள்ல நூத்துக்கு நூறுன்னு இருக்கே?”

அவரிடம் அப்போதே உண்மையைச் சொல்லிவிட்டாள். தம்பியிடம் சொல்லத்தான் நா எழவில்லை. மூன்று நாள் தள்ளிப்போட்டு, நான்காம் நாள் போனாள். அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

“விழுந்ததைச் செத்துப்போச்சுன்னு எழுதிட்டேன்டா” என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு மெல்லக் கேட்டான்.

“மறுநாள் ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கலாமேக்கா. அப்படி என்ன தலைபோற வேலை?”

அந்த ஞாயிறு அவன் வேலைக்குப் போயிருந்தான். முந்தின நாளே போனில், “அத்தை, நாளைக்கு நீதான் சைக்கிள் பிடிக்கணும்” என்று பாப்பா அடம்பிடித்திருந்தாள். நாள் முழுக்க அத்தைக்காரி சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். குழந்தையின் தலையில் இதைப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

“ஒரு வேலையும் இல்லடா” என்றாள். “சோம்பேறித்தனம்.”